மழை பிடிப்பான் முதல் ஃபிராங்கன்டியூபா வரை

வாசகர் கேள்வி – பதில்

பேண்டு குழுவில் எல்லோருக்கும் பின்னால் உட்கார்ந்து, எல்லோருடைய சுருதிக்கும் அடித்தளம் போடும் பித்தளைக் கருவி டியூபா. அதை வாசிப்பவர்கள் அதற்கு வைத்திருக்கும் பட்டப்பெயர்களைப் பற்றி உள்ளூரிலிருந்தும் சிங்கப்பூர், கனடாவிலிருந்தும் வந்த கேள்விகளை இந்த முறை எடுத்துக்கொண்டோம். சிரிப்புக்காக வைத்த பெயர்கள் போலத் தெரிந்தாலும் பெரும்பாலானவற்றுக்குள் கருவியின் அளவோ, எடையோ, கோளாறோ இருக்கிறது. பழைய கருவி வாங்கப் போகிறவர்கள் இந்தப் பெயர்களைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

கேள்வி: டியூபா என்ற சொல்லுக்கு என்ன பொருள்? அதுவே ஒரு பட்டப்பெயரா? – திருச்சி வாசகர்

பதில்: லத்தீனில் 'டூபா' என்றால் ரோமானியப் படையில் ஊதிய நேரான, நீண்ட எக்காளம். அதில் வளைவு கிடையாது, வால்வும் (விரலால் இயக்கிக் காற்றைக் கூடுதல் குழாய்க்குத் திருப்பும் அமைப்பு) கிடையாது. லத்தீன் பைபிளில் 'டூபா' என்று வரும் இடத்தில்தான் தமிழ் பைபிளில் 'கடைசி எக்காளம் தொனிக்கும்போது' என்று படிக்கிறோம். மோட்சார்ட்டின் ரெக்வியத்தில், அதாவது இறந்தோருக்கான வழிபாட்டு இசையில், 'டூபா மிரும்' என்றொரு பகுதி உண்டு. பெயரைப் பார்த்து டியூபா வாசிப்பார்கள் என்று காத்திருந்தால் டிராம்போன்தான் தனியாக எழும். மோட்சார்ட் காலத்தில் இன்றைய டியூபா பிறக்கவே இல்லை.

1835 செப்டம்பர் 12 அன்று பெர்லினில் வில்ஹெல்ம் வீப்ரெக்ட் என்ற ராணுவ பேண்டு மாஸ்டரும் யோஹான் காட்ஃபிரீட் மோரிட்ஸ் என்ற கருவி செய்பவரும் சேர்ந்து 'பாஸ் டியூபா'வுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். எஃப் சுருதி (சி, டி, இ, எஃப், பி ஃபிளாட் எல்லாம் மேற்கத்தியச் சுரப் பெயர்கள்), 5 வால்வு. பழைய போர் எக்காளத்தின் பெயரைப் புதுக் கருவிக்கு எடுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

அதற்கு முன்னால் அடித்தளச் சுரம் ஊதும் வேலையைச் செய்தது 'சர்ப்பென்ட்'. பாம்பு போல வளைந்த மரக்குழாய், மேலே தோல் சுற்றியிருக்கும். அடுத்து வந்தது 'ஆஃபிக்ளைடு'. கிரேக்கத்தில் அதற்குச் 'சாவி போட்ட பாம்பு' என்று பொருள். இந்தக் குடும்பத்தில் பட்டப்பெயர் வைக்கும் பழக்கம் பிறவியிலேயே வந்தது என்று சொல்லலாம்.

ஒரு கொசுறு: பிலிப்பைன்ஸில் 'டுபா' என்று கேட்டால் தென்னங்கள் தருவார்கள். மணிலாவிலிருந்து போன கப்பல்களோடு அந்தச் சொல் மெக்சிகோவின் மேற்குக் கரைக்கும் போய்விட்டது. அதே மேற்குக் கரையின் 'பண்டா' குழுக்களில் டியூபாதான் உயிர்நாடி. ஆக அங்கே ஒரே ஊரில் இரண்டு 'டுபா'வும் உண்டு.

கேள்வி: சிங்கப்பூரில் என் மகன் பள்ளி பேண்டில் டியூபா வாசிக்கிறான். அவர்கள் அதை 'பிளம்பிங்' என்கிறார்கள், தண்ணீர் திறக்கும் சாவியை 'ஸ்பிட் வால்வு' என்கிறார்கள். உண்மையிலேயே எச்சிலா அது? கேட்கவே கூச்சமாக இருக்கிறது. – சிங்கப்பூர் வாசகி

பதில்: கூச்சப்பட வேண்டாம். அதில் வருவது பெரும்பாலும் எச்சில் இல்லை. உடம்புச் சூட்டில் ஈரத்தோடு வரும் மூச்சு, குளிர்ந்த பித்தளைச் சுவரில் பட்டு நீராகிறது. சாதம் கொதிக்கும்போது தட்டு மூடியின் அடியில் முத்து முத்தாக நீர் கோர்க்குமே, அதே கதைதான். குளிர்சாதன அறையில் இன்னும் சீக்கிரம் சேரும். 'ஸ்பிட்' என்பது பிள்ளைகள் வைத்த பெயர். கடையில் 'வாட்டர் கீ' என்று கேட்டால் கிடைக்கும்.

'பிளம்பிங்' என்பது பொருத்தமான பெயர். பெரிய பி ஃபிளாட் டியூபாவின் குழாயை நீட்டினால் 18 அடி வரும். வால்வுகளின் குழாய்கள் தனி. வீட்டுக் குழாயில் வரும் எல்லாத் தொல்லையும் இதிலும் வரும்: அடைப்பு, கசிவு, அரிப்பு, இறுகிப்போன மூட்டு.

மகனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவை இவை. வாசிக்கும்போது 'குளுகுளு' என்று சத்தம் வந்தால் எங்கோ நீர் நிற்கிறது. முதலில் வாட்டர் கீயைத் திறந்து, உதட்டை அதிர விடாமல் வெறும் காற்றை ஊத வேண்டும். அதன் பிறகும் சத்தம் இருந்தால் நீர் வால்வு ஸ்லைடுகளில், அதாவது உருவி எடுக்கக்கூடிய வளைந்த குழாய்களில், நிற்கிறது, பெரும்பாலும் மூன்றாவதிலோ நான்காவதிலோ. அவற்றுக்கு வாட்டர் கீ இல்லாத மாடல்கள் நிறைய. அந்த வால்வை அழுத்திக்கொண்டே ஸ்லைடை உருவிக் கவிழ்க்க வேண்டும். அழுத்தாமல் உருவினால் உள்ளே வெற்றிடம் இழுத்து 'டப்' என்று வெடிக்கும், நாளடைவில் மூட்டு தளரும். வாட்டர் கீயின் அடியில் இருக்கும் சிறு தக்கை தேய்ந்தால் காற்று கசிந்து சில சுரங்கள் மட்டும் மங்கலாகும். பிள்ளை ஒழுங்காக ஊதவில்லை என்று திட்டுவதற்கு முன்னால் அந்தத் தக்கையைப் பாருங்கள். மாற்ற ஐந்து நிமிடம் போதும்.

இன்னொன்று, சாப்பிட்ட கையோடு, இனிப்பு பானம் குடித்த கையோடு ஊத வேண்டாம். வாயைக் கொப்பளித்துவிட்டு உட்காரச் சொல்லுங்கள். மவுத்பீஸ் (உதடு வைத்து ஊதும் கிண்ணம்) செருகும் முதல் குழாயில் அழுக்கு படிந்தால் பித்தளையிலிருந்து துத்தநாகம் கழன்று, செம்பு மட்டும் இளஞ்சிவப்புப் புள்ளிகளாக நிற்கும். இதற்கு 'ரெட் ராட்' என்று பெயர். அது வெளியே தெரியும்போது உள்ளே குழாய் அரித்திருக்கும், பாலிஷ் போட்டுச் சரிசெய்ய முடியாது. குழாயையே மாற்ற வேண்டியதுதான்.

கேள்வி: 'ரெயின் கேட்சர்' என்று ஒரு டியூபா படத்தைப் பார்த்தேன். மழைநீர் சேகரிப்புத் தொட்டி போலவே இருந்தது. ஏன் அப்படிச் செய்தார்கள்? – மதுரை வாசகர்

பதில்: நீங்கள் பார்த்தது பழைய சூசபோன். உடம்பைச் சுற்றி மாட்டிக்கொண்டு நடந்தபடி வாசிக்கும் டியூபா அது. இன்றைக்குப் பெல், அதாவது விரிந்த வாய், முன்னால் பார்க்கும். முதலில் செய்தபோது அது வானத்தைப் பார்த்தது. திறந்த வெளியில் மழை பெய்தால் நேராக உள்ளேதான். அதனால் 'மழை பிடிப்பான்'.

காரணம் ஜான் ஃபிலிப் சூசா. 1880 முதல் 1892 வரை அமெரிக்க மரைன் பேண்டை நடத்தியவர், பிறகு சொந்தக் குழு தொடங்கினார். அதுவரை தோளைச் சுற்றி மாட்டும் 'ஹெலிகான்' இருந்தது. அதன் ஒலி ஒரே பக்கமாகப் பாய்ந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. பாஸ் ஒலி மேலே எழும்பி மொத்தக் குழுவின் மேலும் பரவ வேண்டும் என்றார். ஃபிலடெல்ஃபியாவில் ஜே. டபிள்யூ. பெப்பர் 1893-இல் அப்படியொன்றைச் செய்தார். 1898-இல் கான் நிறுவனமும் செய்தது. சுமார் 1908-லிருந்து பெல் முன்பக்கம் திரும்பியது. ஊர்வலத்தில் முன்னால் பாயும் ஒலிதான் தேவை என்று மற்ற பேண்டுகள் நினைத்தன. பெயர் சூசாவுடையது. ஆனால் இன்று தெருவில் பார்க்கும் வடிவம் அவர் கேட்டதற்கு நேர் எதிர்.

சூசபோன் வாசிப்பவர்கள் அடிக்கடி சொல்லும் இன்னொரு சொல் 'பிட்ஸ்'. கழுத்துக் குழாய்க்கும் மவுத்பீஸுக்கும் நடுவில் செருகும் சிறு வளைந்த துண்டுகள் அவை. வழக்கமாக இரண்டு இருக்கும். அவற்றைத் திருப்பித்தான் மவுத்பீஸை வாய்க்கு நேராகக் கொண்டுவர வேண்டும். தலையை வளைத்து மவுத்பீஸைத் தேடிப் போனால் கழுத்துவலிதான் மிஞ்சும். இரண்டில் ஒன்று தொலைந்துவிட்டால் குழாய் நீளம் குறைந்து சுருதி ஏறும். 'எங்கள் சூசபோன் எப்போதும் ஷார்ப்', அதாவது சுருதி ஏறியே இருக்கிறது, என்று புலம்பும் பள்ளிகளில் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது பிட்ஸைத்தான். செருகும்போது லேசாகத் திருகி இறுக்குங்கள். கையால் அடித்து இறக்கினால் அடுத்த வாரம் கழற்ற வராது.

ஃபைபர் கண்ணாடி உடம்பு கொண்டவற்றைப் 'பிளாஸ்டிக்' என்று பித்தளைக்காரர்கள் கேலி செய்வது வழக்கம். ஆனால் நாள் முழுக்கச் சுமக்கும் பிள்ளையின் தோளுக்கு அது பெரிய உதவி. வால்வுகள் அதிலும் பித்தளைதான். ஒலியில் கொஞ்சம் கனம் குறையும். ஒடுக்கு விழாது, விரிசல் விடும். விரிசலை டேப் ஒட்டி மறைக்காமல் ரெசின் போட்டு அடைக்க வேண்டும்.

நியூ ஆர்லியன்ஸ் போனால் இந்தப் பெயர்கள் எதுவும் செல்லாது. தோளில் சூசபோனை மாட்டிக்கொண்டே அதை 'டியூபா' என்பார்கள், பெரியவர்கள் 'பாஸ் ஹார்ன்' என்பார்கள்.

கேள்வி: இணையத்தில் டியூபா விளம்பரங்களில் 'பி.ஏ.டி.', '6/4', 'கைசர்', 'யமயார்க்' என்றெல்லாம் போடுகிறார்கள். அகராதியில் இல்லை. விளக்க முடியுமா? – டொராண்டோ வாசகர்

பதில்: நான்குமே பருமனைப் பற்றிய சொற்கள்.

'பி.ஏ.டி.' என்பதைப் 'பேட்' என்று படிப்பார்கள். மரியாதையான விரிவு 'பிக் அமெரிக்கன் டியூபா'. நடு எழுத்துக்குக் கொச்சையான இன்னொரு விரிவுதான் வாசிப்பவர்களிடம் அதிகம் புழங்குகிறது. அதை அச்சில் போடாமல் விடுகிறோம். அகன்ற உடம்பு, சுமார் 20 அங்குல பெல், முன்பக்கம் பிஸ்டன் வால்வு (மேலும் கீழும் இயங்குவது), ஆழ்ந்த அகன்ற ஒலி, இதுதான் 'பேட்'.

இந்த மோகத்துக்கு மூலம் இரண்டே இரண்டு கருவிகள். 1930-களின் தொடக்கத்தில் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்டு ராப்பிட்ஸில் இருந்த யார்க் நிறுவனம், ஃபிலடெல்ஃபியா இசைக்குழுவுக்காகச் செய்த சி சுருதி டியூபாக்கள். அவற்றில் ஒன்று மாணவராக இருந்த ஆர்னால்டு ஜேக்கப்ஸ் கைக்கு வந்தது. அவர் 1944 முதல் 1988 வரை சிகாகோ சிம்ஃபனியில் வாசித்தவர். உலகமெங்கும் டியூபா மாணவர்கள் அந்த ஒலியைக் கேட்டு வளர்ந்தார்கள். இப்போது இரண்டும் சிகாகோ சிம்ஃபனியின் சொத்து. பல நிறுவனங்கள் அவற்றை அளந்து நகல் செய்தன. யமஹா செய்த ஒய்.சி.பி. 826 நகலுக்கு வாசிப்பவர்கள் வைத்த பெயர்தான் 'யமயார்க்'. இரண்டு சொல்லைப் புணர்த்தி ஒன்றாக்கியிருக்கிறார்கள். நன்னூல் படித்தவர்கள் ரசிப்பார்கள்.

'கைசர்' ஜெர்மன் சொல், பேரரசர் என்று பொருள். இது வாசிப்பவர்கள் வைத்ததில்லை, செய்தவர்கள் வைத்தது. இன்றைய செக் நாட்டின் ஹிராடெட்ஸ் கிராலோவேயில் செர்வெனி பட்டறை 1880-களில் மிக அகன்ற பி ஃபிளாட் பாஸுக்குக் கொடுத்த பெயர். இன்றும் ஜெர்மானிய ரோட்டரி வால்வு (சுழலும் வால்வு) பி ஃபிளாட் டியூபாவில் மிகப் பெரியதைக் 'கைசர்' என்றே சொல்கிறார்கள். அதே பழக்கத்தில் மெல்டன் நிறுவனம் தன் பெரிய பி ஃபிளாட்டுக்கு 'ஃபாஃப்னர்' என்று பெயர் வைத்தது. வாக்னரின் ஓபராவில் டிராகனாக மாறும் அரக்கன் பெயர். அவன் வரும்போது இசைக்குழுவில் உறுமுவது கான்ட்ராபாஸ் டியூபா. பழைய அமெரிக்க விலைப்பட்டியல்களில் 'மான்ஸ்டர்' என்ற இ ஃபிளாட் பாஸும் 'ஜம்போ' என்ற சூசபோனும் உண்டு. கம்பெனிக்காரர்களே பட்டப்பெயர் வைத்து விற்றிருக்கிறார்கள்.

இனி '6/4'. இங்கேதான் பணம் வீணாகும், கவனமாகப் படியுங்கள். 3/4, 4/4, 5/4, 6/4 என்பவை உடம்பின் பருமன். நீளம் அல்ல, சுருதியும் அல்ல. 3/4 பி ஃபிளாட்டும் 6/4 பி ஃபிளாட்டும் ஒரே 18 அடிதான். இதற்குப் பொது அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு கம்பெனியின் 4/4 இன்னொன்றின் 5/4-ஐவிடப் பெரிதாக இருக்கும். விளம்பரத்தில் பின்னத்தைப் பார்க்காதீர்கள். பெல்லின் குறுக்களவு, வால்வுக் குழாயின் உள்விட்டம், மொத்த உயரம், எடை, இந்த நான்கையும் எழுதி வாங்குங்கள். 6/4-ஐ நிரப்ப நிறைய மூச்சு வேண்டும். மூச்சு போதாதவர் கையில் அதன் ஒலி மங்கிச் சிதறும். சிறிய மண்டபத்தில் ஐந்து பேர் வாசிக்கும் குழுவுக்கு அதை எடுத்துப்போனால் மற்ற நால்வரும் மூழ்கிப்போவார்கள். பெட்டியோடு சேர்த்து உங்கள் காரின் பின்கதவில் நுழையுமா என்றும் அளந்துகொள்ளுங்கள்.

கேள்வி: கோவையில் ஒருவர் பழைய டியூபா விற்கிறார். 'இது ஃபிராங்கன்டியூபா, அதனால் விலை குறைவு' என்கிறார். வாங்கலாமா? – கோவை வாசகர்

பதில்: அவர் நேர்மையாகப் பேசியிருக்கிறார், அதற்கே பாராட்ட வேண்டும். 1818-இல் வெளிவந்த 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலில் வெவ்வேறு உடல்களின் பாகங்களைச் சேர்த்து ஓர் உயிரை உண்டாக்குவார்கள். அதேபோல ஒரு கருவியின் பெல், இன்னொன்றின் வால்வு, மூன்றாவதின் வளைவுக் குழாய் என்று பற்றவைத்துச் செய்த டியூபாவுக்கு இந்தப் பெயர். இது வசைச்சொல் இல்லை. தேர்ந்த தொழிலாளி செய்த ஃபிராங்கன்டியூபாக்கள் பெரிய இசைக்குழுக்களிலும் ஒலித்திருக்கின்றன. செய்தவர் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எதனால் கெடும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். டியூபாவின் குழாய் மவுத்பீஸிலிருந்து பெல்வரை கொஞ்சம் கொஞ்சமாக விரிந்துகொண்டே போக வேண்டும். அந்த விரிவுதான் ஒவ்வொரு சுரத்தையும் அதன் இடத்தில் நிறுத்துகிறது. 40 மில்லிமீட்டரில் முடியும் துண்டோடு 45-இல் தொடங்கும் துண்டை ஒட்டினால் நடுவில் ஒரு படி விழும். ஒலி நின்றுபோகாது, ஆனால் குறிப்பிட்ட இரண்டு மூன்று சுரங்கள் மட்டும் என்ன செய்தாலும் இடத்தில் உட்காராது.

பரிசோதனைக்குச் சுருதி காட்டும் ஒரு டியூனரும் உங்கள் சொந்த மவுத்பீஸும் எடுத்துப்போங்கள். வால்வு எதையும் அழுத்தாமல் கீழிருந்து மேலாகச் சுரங்களை ஊதுங்கள். பி ஃபிளாட் கருவியில் பி ஃபிளாட், எஃப், பி ஃபிளாட், டி, எஃப், பி ஃபிளாட் என்று வரும். நடுவில் வரும் டி எந்த டியூபாவிலும் இயல்பாகவே கொஞ்சம் இறங்கும், அதைக் குறையாக எண்ண வேண்டாம். இரண்டு எஃப்களும் ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் காட்டினால் விரிவில் கோளாறு. அதற்கு மருந்து கிடையாது.

அடுத்து, பிரதான ஸ்லைடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இன்றைய பொதுச் சுருதியான ஏ=440-க்கு வர அதை முழுவதும் உள்ளே தள்ள வேண்டியிருந்தால் கருவி நீளமாகிவிட்டது, குளிர்நாளில் இன்னும் இறங்கும். கடைசி வரை வெளியே இழுக்க வேண்டியிருந்தால் குட்டையாகிவிட்டது. பழைய அமெரிக்கக் கருவியானால் வால்வின்மேல் 'எல்.பி.' அல்லது 'எச்.பி.' என்ற முத்திரை இருக்கலாம். 'எல்.பி.' என்றால் தாழ்ந்த சுருதி (லோ பிட்ச்). 'எச்.பி.' (ஹை பிட்ச்) என்றால் ஏ=452-ஐ ஒட்டிய பழைய உயர்ந்த சுருதிக்குச் செய்தது. அதை இன்றைய குழுவில் வைத்துக்கொண்டு திண்டாட வேண்டியிருக்கும்.

மூன்றாவது, கசிவுச் சோதனை. ஒரு வால்வு ஸ்லைடை, வால்வை அழுத்தாமல், ஐந்து சென்டிமீட்டர் இழுங்கள். இரண்டு மூன்று விநாடி பொறுத்து வால்வை அழுத்துங்கள். பளிச்சென்று 'டப்' சத்தம் கேட்டால் வால்வு இறுக்கமாக இருக்கிறது. 'புஸ்' என்று அடங்கினாலோ சத்தமே வராவிட்டாலோ வால்வு தேய்ந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் செய்து பாருங்கள். பெல்லிலுள்ள ஒடுக்கைத் தட்டி எடுப்பது சிறு செலவு. வால்வுக்கு மறுபடி முலாம் பூசி இழைப்பது, சில சமயம் கருவியின் விலையையே தாண்டும்.

'கட் டியூபா' என்று விற்பவர் சொன்னால் அது வேறு. 18 அடி பி ஃபிளாட்டை வெட்டி 16 அடி சி ஆக்கியது. பிரதானக் குழாயில் 2 அடியை எடுத்தால் மட்டும் போதாது, எல்லா வால்வு ஸ்லைடுகளையும் ஒன்பதில் ஒரு பங்கு குறைக்க வேண்டும். சோம்பல்பட்ட தொழிலாளி இந்த இரண்டாவது வேலையை விட்டிருப்பார். வால்வு போடாத சுரம் சரியாகவும், போட்ட சுரம் எல்லாம் இறங்கியும் வந்தால் அதுதான் காரணம். இதைச் சரிசெய்ய முடியும், விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

புதிதாகவே வாங்க நினைத்தால், இந்தியாவில் பேண்டு கருவிகளுக்குப் பேர்போன இடம் மீரட்டின் ஜலி கோத்தி. அங்கே சூசபோன், யூஃபோனியம் (டியூபாவின் சிறிய உறவு) எல்லாம் செய்கிறார்கள். அங்கே போனாலும் இதே டியூனர், இதே 'டப்' சோதனைதான். ஒரே மாடலில் நான்கைந்தை ஊதிப் பார்த்து எடுங்கள்.

கேள்வி: எங்கள் பேண்டு மாஸ்டர் என் வாசிப்பை 'வூஃபி' என்கிறார், பக்கத்தில் இருப்பவரை 'பிளாட்டி' என்கிறார். பாராட்டா, திட்டா? – சென்னை வாசகர்

பதில்: இரண்டும் குறைதான், ஆனால் எதிரெதிர்க் குறைகள். 'வூஃபி' என்றால் சுரத்தின் நடு இல்லாமல் 'வுஃப் வுஃப்' என்று பரவும் ஒலி. உங்களுக்கு அகலமாகக் கேட்கும், பத்து மீட்டர் தள்ளி என்ன சுரம் என்றே தெரியாது. ஆழக் கிண்ண மவுத்பீஸும் மெதுவான காற்றும் சேர்ந்தால் இப்படி வரும். கிண்ணத்தின் ஆழத்தைக் கொஞ்சம் குறையுங்கள், ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்திலும் நாக்கைத் தெளிவாக வையுங்கள், சத்தத்தைக் கூட்டாமல் காற்றின் வேகத்தைக் கூட்டுங்கள். 'பிளாட்டி' என்பது உதடு தாங்கும் அளவை மீறித் தள்ளிக் கிழிந்த ஒலி. சுருதி இறங்கும் 'ஃபிளாட்' வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள். அவருக்குச் சொல்ல வேண்டியது, குறைத்து ஊது என்பதுதான்.

'ஸ்டஃபி' என்று சொன்னால் மட்டும் கருவியைச் சந்தேகியுங்கள். மூக்கடைத்தது போல ஊதுவதற்கே எதிர்க்கும். ரோட்டரி வால்வானால் பின்மூடியைக் கழற்றினால் அச்சிலும் தட்டிலும் கோட்டு அடையாளம் தெரியும். அழுத்தும்போதும் விடும்போதும் அவை நேர்கோட்டில் வர வேண்டும். வராவிட்டால் இடித்து நிற்கும் தக்கை தேய்ந்திருக்கிறது. பிஸ்டனானால் ஃபெல்ட் வளையம்.

நல்ல சொல்லும் ஒன்று உண்டு: 'பிரிவிலேஜ் டோன்', சலுகைச் சுரம். 3 வால்வு பி ஃபிளாட் டியூபாவில் எல்லா வால்வையும் அழுத்தினால் கீழே இ வரைதான் வரும். அதற்குக் கீழே அடிச்சுரமான பி ஃபிளாட் வரை வெற்றிடம். ஆனால் வால்வு எதையும் போடாமல் உதட்டைத் தளர்த்தினால், கணக்குப்படி இருக்கக்கூடாத ஓர் இ ஃபிளாட் பல கருவிகளில் கிடைக்கும். அங்கிருந்து வழக்கம்போல வால்வு போட்டு இறங்கி அந்த வெற்றிடத்தை நிரப்பிவிடலாம். நான்காவது வால்வு வாங்க வசதியில்லாதவருக்குக் கிடைத்த சலுகைதான் அது.

கேள்வி: 'டபுள் பி ஃபிளாட்', 'கம்ப்', 'கான்ட்ரா' – சுருக்கமாகச் சொல்லுங்கள். – ஈரோடு வாசகர்

பதில்: எழுத்தை இரட்டித்தால் அந்தச் சுருதியில் பெரிய, தாழ்ந்த கருவி என்று பொருள். டபுள் பி ஃபிளாட் 18 அடி, டபுள் சி 16 அடி. இ ஃபிளாட் 13, எஃப் 12. பிரிட்டனின் பிராஸ் பேண்டுகளில் 'டியூபா' என்ற சொல்லே அதிகம் வராது, 'பாஸ்' என்பார்கள். அந்தப் பாஸுக்கும் டிரம்பெட் போல டிரெபிள் கிளெஃபில், அதாவது உயர்சுரக் குறியில்தான் இசை எழுதுவார்கள்.

'கம்ப்' என்பது 'காம்பென்சேட்டிங்' (ஈடுகட்டும்) என்பதன் சுருக்கம். ஒவ்வொரு வால்வுக் குழாயும் திறந்த குழாய் நீளத்தைக் கணக்கிட்டு வெட்டியது. ஒன்றையும் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கூட்டுத்தொகை போதாது. டபுள் பி ஃபிளாட்டில் ஏறக்குறைய 13 சென்டிமீட்டர் குறையும், சுருதி அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். நான்காவது வால்வோடு மற்றவை சேரும்போது பற்றாக்குறை இன்னும் பெரிதாகும். 1874-இல் லண்டனில் டேவிட் பிளெய்க்லி இதற்கு வழி கண்டார். நான்காவதை அழுத்தினால் காற்று மறுபடி மற்ற வால்வுகளின் வழியே போய், அங்கே இருக்கும் குட்டிக் குழாய்களையும் சேர்த்துக்கொள்ளும். விலை கூடும், எடை கூடும், நீர் ஒளிந்துகொள்ள இடமும் கூடும்.

'கான்ட்ரா' அமெரிக்க டிரம் கோர் அணிகளின், அதாவது டிரம்மும் பித்தளைக் கருவியுமாக அணிவகுக்கும் குழுக்களின் சொல். தோளில் பீரங்கி போல வைத்து ஊதும் கான்ட்ராபாஸ் பியூகிள் அது. 2000-லிருந்து ஜி சுருதிக் கட்டாயம் போய் பி ஃபிளாட் டியூபாக்கள் வந்துவிட்டன. பெயர் மட்டும் மாறவில்லை.

கேள்வி: டியூபாக்காரர்கள் திருவிழாவுக்குக்கூடச் சிலேடைப் பெயர் வைப்பார்களாமே? – புதுச்சேரி வாசகி

பதில்: ஆமாம். ஜெர்மனியின் அக்டோபர் விழாவோடு டியூபாவைச் சேர்த்து 'ஆக்டியூபாஃபெஸ்ட்' என்று பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அக்டோபரில் கச்சேரி நடக்கும். தொடங்கியவர் இண்டியானா பல்கலைக்கழகத்தின் ஹார்வி ஃபிலிப்ஸ். 1974-இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பிளாசாவில் 'டியூபா கிறிஸ்துமஸ்' தொடங்கியவரும் அவரே. அவருடைய ஆசான் வில்லியம் பெல் பிறந்தது 1902 டிசம்பர் 25, அவர் நினைவாகத்தான் டியூபா கிறிஸ்துமஸ். நூற்றுக்கணக்கானோர் டியூபாவிலும் யூஃபோனியத்திலும் மட்டும் பஜனை போலக் கிறிஸ்துமஸ் பாட்டுகளை வாசிப்பார்கள். 1970-களில் அமைத்த சங்கத்தின் பெயரின் முதலெழுத்துகளைக் கூட்டினால் 'டியூபா' என்றே வரும், 'டியூபிஸ்ட்ஸ் யுனிவர்சல் பிரதர்ஹுட் அசோசியேஷன்'. பின்னால் 'சகோதரத்துவம்' போய், யூஃபோனியம் சேர்ந்து, 'சர்வதேச டியூபா யூஃபோனியம் சங்கம்' ஆனது.

கேள்வி: பள்ளி டியூபாவுக்கு என் மகள் 'ஆனைக்குட்டி' என்று பெயர் வைத்து ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும் என்கிறாள். கருவிக்குக் கெடுதல் உண்டா? – சிங்கப்பூர் வாசகர்

பதில்: பெயர் வைக்கட்டும். பெயர் வைத்த கருவியைப் பிள்ளைகள் கீழே போடுவது குறைவு. ஸ்டிக்கர் மட்டும் பித்தளையில் வேண்டாம். பசை லாக்கரோடு (பித்தளை மேல் பூசிய மெல்லிய வார்னிஷ்) ஒட்டிக்கொண்டு, உரிக்கும்போது லாக்கரையும் பிய்த்துக்கொண்டு வரும். அந்த இடம் கறுக்கும். வெள்ளி முலாமானால் பசையைச் சுற்றித் திட்டுத் திட்டாகக் கருமை படியும். நகத்தாலோ பிளேடாலோ சுரண்டவே கூடாது. ஏற்கெனவே ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான துணியை ஒத்தடம் போல ஐந்து நிமிடம் வைத்து, ஓரத்திலிருந்து மெல்ல உரித்து, மிச்சப் பசையை ஒரு சொட்டுச் சமையல் எண்ணெய் தடவிய மெல்லிய துணியால் துடைத்து, சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். சுடுநீர் லாக்கரைக் கிளப்பிவிடும், தவிர்க்கவும்.

பெயரைத் துணியில் தைத்துப் பெட்டியின் கைப்பிடியில் கட்டலாம். மேடையில் தெரிய வேண்டும் என்றால் பெல்லின் விளிம்பில் மாட்டும் மீள்துணி உறையில் எழுதலாம். மெக்சிகோவின் பண்டா குழுக்கள் டியூபாவின் பெல்லில்தான் குழுவின் பெயரைக் காட்டுகின்றன. உறை ஒலியைக் கொஞ்சம் அமுக்கும். பயிற்சியின்போது கழற்றிவிட்டு, நிகழ்ச்சிக்கு முன்னால் ஒருமுறை அதைப் போட்டபடியே டியூனரில் சரிபார்க்கச் சொல்லுங்கள். பள்ளிக் கருவி என்பதால் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாட்டட்டும்.